குழந்தை அழுத பின் தாயைப் பாருங்கள்!

மைசூர் ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தூரத்தில், தேவராஜ மொஹல்லாவில் இருக்கிறது செலுவாம்பா ஆஸ்பத்திரி. மைசூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மகப்பேறு ஆஸ்பத்திரி இது. மைசூர் நகரப் பெண்கள் மட்டும் அல்ல, சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு பக்கத்துக் கர்ப்பிணிகளும் இங்கு வருகிறார்கள். தமிழ்நாட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்கள், தலைப்பிரசவத்துக்கு மைசூரில் உள்ள தாய் வீட்டுக்கு வருவதும் உண்டு.

எந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆணா, பெண்ணா?"

"தாய் எப்படி இருக்கிறாள்?" என்பது அதற்குப் பிறகுதான். ஆனால் ஆபத்து ஒளிந்திருப்பது அந்த இடைவெளியில்தான்.

அரை லிட்டர் ரத்தம்

பிரசவத்துக்குப் பின் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து. துணியிலும் மெத்தையிலும் ஊறிப்போகும் ரத்தத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் அளவு குறைவாகத்தான் தெரியும்.

இதற்கு வழி கண்டவர்களில் கர்நாடக டாக்டர்களும் உண்டு. பெல்காம் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், அமெரிக்க டாக்டர்களுடன் சேர்ந்து, அளவுக்கோடு போட்ட பை உள்ள பிளாஸ்டிக் விரிப்பை உருவாக்கினார்கள். தாய்க்கு அடியில் விரித்தால், எத்தனை மில்லி போயிற்று என்று உடனே தெரிந்துவிடும்.

ஆப்பிரிக்காவில் 4 நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில், இத்தகைய விரிப்புடன் கருப்பையைப் பிடித்துவிடுதல், ஊசி மருந்து, நரம்பு வழியாக ஏற்றும் திரவம் எல்லாம் ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2023-ல் வெளிவந்தது. கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன!

நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால், 300 மில்லியிலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் கூறியது.

ஒரு தாளின் கதை

2010-ல் கர்நாடகத்தில் ஒரு சிறிய அரசு ஆஸ்பத்திரியில், பிரசவத்தின் போது செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, நர்சுகள் சரிபார்க்க ஏற்பாடு செய்தார்கள். கை கழுவுதல் முதல் குழந்தையைக் கதகதப்பாக வைப்பது வரை 29 காரியங்கள். முன்பு சராசரியாக 10 மட்டுமே நடந்தன. தாள் வந்தபின் 25 நடந்தன.

பிறகு உத்தரப்பிரதேசத்தில் 120 நிலையங்களில் சோதித்தபோது, கவனிப்பு கூடியது, மரணம் குறையவில்லை. தாள் மட்டும் போதாது. ரத்தமும் மருந்தும் டாக்டரும் தயாராக இருக்க வேண்டும்.

2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் கர்நாடகத்தில் 69 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19.

வீட்டார் செய்ய வேண்டியது

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது 'தாயி கார்டு' கையில் இருக்கட்டும். சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சேனை வைக்கக்கூடாது, முதல் நாள் குளிப்பாட்டக்கூடாது.

தாய்க்குத் துணி சீக்கிரம் நனைந்தாலும், தலைசுற்றல், கடும் தலைவலி, வலிப்பு, காய்ச்சல் வந்தாலும், குழந்தை பால் குடிக்காவிட்டாலும் உடனே நர்சைக் கூப்பிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து துணைக்கு வந்திருக்கும் மாமியாருக்குக் கன்னடம் தெரியாமல் இருக்கலாம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: "ரக்த ஜாஸ்தி ஹோக்தா இதெ." ரத்தம் அதிகமாகப் போகிறது என்று பொருள்.

ஒரு தாயின் உயிரைக் காக்க அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருக்கலாம்.