பழைய டிராக்டரா, பழைய பிக்கப்பா? வாங்கும் முன் ஒரு கணக்கு



நஞ்சில்லா வேளாண்மைக்கு மாறியவுடன் உரக்கடைக் கடனில் இருந்து நாம் வெளியே வந்துவிடுகிறோம். ஆனால் நாலைந்து வருஷம் போனதும் நம்மில் பலர் வேறொரு கடனில் போய் மாட்டிக்கொள்கிறோம். அதுதான் வண்டிக் கடன். உழவுக்கு ஆள் இல்லை, மாடு இல்லை, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக வழி இல்லை. பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது என்றதும் கை நீட்டிவிடுகிறோம்.

திருத்தணி வட்டாரத்தில் நாங்கள் ஆறு குடும்பம் சேர்ந்து இயற்கை முறையில் பயிர் செய்கிறோம். மொத்தம் 19 ஏக்கர். நெல், வேர்க்கடலை, காய்கறி, கொஞ்சம் மா. மாதாமாதம் சீட்டு மாதிரி போட்டுச் சேர்த்த பணத்தில் பழைய டீசல் வண்டி ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தோம். எந்த வண்டி என்பதில்தான் சண்டை. பசங்க எல்லாரும் "பிக்கப் வாங்குங்க, லோடும் அடிக்கலாம், உழவும் ஓட்டலாம்" என்றார்கள். பெரியவர்கள் டிராக்டர் என்றார்கள். ரெண்டு மாசம் அலைந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பிக்கப் உழுமா?

முதலில் இதைத் தீர்த்துவிடுவோம். செல்போனில் வரும் அமெரிக்க வீடியோக்களில் பிக்கப் வண்டியின் முன்னால் பெரிய தகடு மாட்டி ஓட்டுவார்கள். அதை அவர்கள் 'பிளவ்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது மண்ணை உழுகிற கலப்பை இல்லை. பாதையில் விழுந்த பனியை ஒதுக்கித் தள்ளுகிற தகடு. பேரைக் கேட்டு ஏமாறக் கூடாது.

பிக்கப் ரோட்டுக்குச் செய்த வண்டி. அதன் கியர் எல்லாம் வேகத்துக்கு. உழவுக்கு வேண்டியது வேகம் இல்லை. மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் மணிக்கணக்காக இழுக்கும் சக்தி. டிராக்டரின் கியர், பெரிய பின்சக்கரம், கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் மூன்றும் அதற்காகவே அமைந்தவை. கலப்பை மண்ணில் இறங்கும்போது அதன் பாரத்தில் ஒரு பங்கு பின்சக்கரத்தின் மேல் விழுந்து பிடிமானம் கூடும். பிக்கப்பில் கலப்பையைக் கட்டி இழுத்தால் முதலில் கிளட்ச் போகும், அடுத்தது கியர்பாக்ஸ்.

டிரெய்லர் இழுக்கிற கதையும் அப்படித்தான். நம் ஊர்ச் சின்ன பிக்கப்புகள் முதுகில் சுமக்கச் செய்யப்பட்டவை, பின்னால் இழுக்க அல்ல. ஆக, ஒரே வண்டியில் ரெண்டு வேலை என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஹெச்.பி. அல்ல, கிலோ

டிராக்டர் என்று ஆனபின் அடுத்த கேள்வி எத்தனை ஹெச்.பி. என்பது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் ஒரே வரியில் சொன்னார்: "எத்தினி ஹெச்.பி.ன்னு கேக்காத நைனா, எத்தினி கிலோன்னு கேளு."

35 முதல் 40 ஹெச்.பி. வரையுள்ள டிராக்டர்கள் சுமார் 1,700 முதல் 1,900 கிலோ இருக்கும். 50 ஹெச்.பி.யைத் தொட்டால் ரெண்டு டன்னை ஒட்டியோ தாண்டியோ போய்விடும். அதில் ரோட்டவேட்டரும் சேர்ந்தால் மண்ணின் கதி என்ன? மேலே நாலு விரற்கடை மண் மாவு மாதிரி பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே சக்கரமும் கத்தியும் அழுத்திய இடம் தகடு மாதிரி இறுகிவிடும். வேர் இறங்காது, மழைத் தண்ணீரும் இறங்காது. மூடாக்குப் போட்டு, பலதானியம் விதைத்து மடக்கி உழுது, மண்புழுவை வரவழைத்த உழைப்பு ஒரே நாளில் வீணாகும்.

ஈர மண்ணில்தான் இந்தக் கெடுதல் அதிகம். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகி விரலில் ஒட்டினால் வண்டியை வயலில் இறக்க வேண்டாம். பிடித்த உருண்டை லேசாகத் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம்.

எங்களுக்கு வேண்டியது கோடை உழவு, விதைப்பு உழவு, பசுந்தாளை மடக்குவது, தொழுவுரம் அடிப்பது, நெல் வயலில் கேஜ் வீல் மாட்டிச் சேறு கலக்குவது. அஞ்சு கொத்தோ ஒன்பது கொத்தோ கலப்பை போதும். அதற்கு 35 முதல் 40 ஹெச்.பி. தாராளம்.

இந்த அளவில் பழைய சந்தையில் அதிகம் வருவன மாஸி ஃபெர்குசன் 1035, மஹிந்திரா 275, ஸ்வராஜ் 735 போன்றவை. எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டால் என் பதில், உங்கள் ஊர் மெக்கானிக் எதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவாரோ அதுதான். உதிரி பாகம் பக்கத்து டவுனில் அன்றைக்கே கிடைக்க வேண்டும். உழவு நாளில் ஒரு சீலுக்காக மூணு நாள் வண்டி நின்றால் பதம் போய்விடும்.

பார்க்கப் போகும்போது

ரெண்டு மாசத்தில் ஏழு வண்டி பார்த்தோம். எங்கள் மெக்கானிக் அண்ணனைக் கூலி கொடுத்தே கூட்டிப் போனோம். அவரிடம் கற்றது இவ்வளவு:

இஞ்சின் ஆறியிருக்கும்போதே போய் நில்லுங்கள். "இப்பதான் ஓட்டிட்டு வந்தேன்" என்று சூடாக வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். நல்ல டீசல் இஞ்சின் விடிகாலையிலும் ரெண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும்.

புகையைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் கருப்பு வந்து அடங்கினால் பரவாயில்லை. நிற்காமல் கரும்புகை வந்தால் நாசிலோ பம்போ ஏர் ஃபில்டரோ கோளாறு. பெரும்பாலும் சரி செய்யலாம். நீலப்புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகப்படணும்.

இஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குப்குப்பென்று புகை அடித்தால் இஞ்சின் வேலை காத்திருக்கிறது. மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

ஹைட்ராலிக்கைச் சும்மா தூக்கிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கலப்பையை மாட்டி, அரை மணி ஓட்டி, ஆயில் சூடானபின் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். கலப்பை அதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள். கிங் பின், புஷ் தேய்ந்திருந்தால் கையிலேயே ஆட்டம் தெரியும். பின் டயர் பட்டன் தேய்ந்திருந்தால் புது ஜோடி டயரின் விலையை வண்டி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மணி மீட்டரை நம்பாதீர்கள். கிளட்ச், பிரேக் மிதியின் தேய்மானம் பொய் சொல்லாது. புதுப் பெயின்ட் பளபளத்தால் அதன் அடியில் வெல்டிங் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

நாங்கள் பார்த்த ஏழில் ரெண்டை ஹைட்ராலிக்குக்காகவும், ஒன்றை நீலப்புகைக்காகவும், ரெண்டைக் காகிதத்துக்காகவும் விட்டோம்.

எல்லை தாண்டும் வண்டி

திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். பெண் எடுப்பது, கொடுப்பது, மாடு வாங்குவது எல்லாம் இன்றைக்கும் நகரி, புத்தூர் பக்கம்தான். பழைய வண்டியும் அங்கே இருந்து நிறைய வருகிறது. "பண்டி பாக உந்தி அன்னா" என்று சொல்பவர் நமக்குச் சொந்தக்காரராகக்கூட இருப்பார். உறவு எல்லை பார்க்காது, ஆர்.சி. புத்தகம் பார்க்கும்.

ஏ.பி. பதிவெண் வண்டி வாங்கினால், அது பதிவான ஆந்திரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்குப் படிவம் 28. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஃபைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் கடன் முடிந்ததற்குப் படிவம் 35. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு கட்டாயம். அதற்கு இங்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை நம் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வெறும் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டி வந்தவர்கள் எங்கள் பக்கம் பலர். விபத்து நடந்தால் அன்றைக்குத்தான் அந்தத் தாளின் மதிப்பு தெரியும்.

முன்பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, காப்பீடு, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பது தெரியும். இஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். விவசாய டிராக்டரின் பதிவு 15 வருஷம். பிறகு அஞ்சஞ்சு வருஷமாகப் புதுப்பிக்கலாம். "பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை வந்துடுச்சு" என்று சொல்லி விலை பேசுகிறவர்களும் உண்டு. அது டெல்லி வட்டாரத்துக்கான தடை; நமக்கு இல்லை.

டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே டிரெய்லரில் ஏறி மலைக்குப் போவது பழக்கம்தான். ஆனால் விவசாயக் காப்பீட்டில் டிரெய்லரில் ஏறும் ஆட்களுக்குப் பாதுகாப்பு கிடையாது.

பிக்கப் யாருக்கு?

பிக்கப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயம்பேடு இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். டிராக்டரில் காய்கறி ஏற்றிப் போக முடியாது. போனாலும் தார் ரோட்டில் டயர் தேய்வதுதான் மிச்சம். சென்னை வீடுகளுக்கு நேரடியாகக் காய்கறி கொடுக்கும் குழுக்கள் வாரம் மூணு, நாலு நடை போவதாக இருந்தால் சொந்த பிக்கப் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைவு என்றால் நடைக்கு வாடகை பேசுவதே லாபம். மஞ்சள் போர்டு வண்டி சும்மா நின்றாலும் காப்பீடு, வரி, எஃப்.சி. நிற்காது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம்.

வாங்குகிறவர்கள் ரெண்டு விஷயம் பாருங்கள். பாரம் அதிகம் ஏற்றிய வண்டியின் சேஸில் விரிசலோ வெல்டிங்கோ இருக்கும். பின்பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தாலே அது எப்படி ஓடியது என்று தெரிந்துவிடும். அடுத்து, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே மெதுவாக, குறைந்த தூரம் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அதைப் பார்க்கக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மெக்கானிக் வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் பற்றி ஒரு நல்ல செய்தி. சாதாரண கார் உரிமத்தை வைத்துக்கொண்டே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்துவிட்டது.

கடைசியில் கணக்கு

19 ஏக்கருக்கு, ஏக்கருக்கு அஞ்சு மணி வீதம் வருஷத்துக்கு 95 மணி உழவு. மணிக்கு 1,000 ரூபாய் வாடகை என்று வைத்தால் 95,000 ரூபாய். சொந்த வண்டியில் மணிக்கு நாலு லிட்டர் டீசல் என்றால் 380 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் சுமார் 35,000. பராமரிப்பு, காப்பீடு, டயருக்கு ஒதுக்குவது 25,000. வருஷத்துக்கு மிச்சம் 35,000 ரூபாய்.

ரெண்டரை லட்சத்துக்கு வாங்கும் வண்டியின் விலை திரும்பி வர ஏழு வருஷம் ஆகும். அதையே 14 சதவீத வட்டிக்கு வாங்கினால்? முதல் வருஷ வட்டியே ஏறக்குறைய 35,000. மிச்சம் மொத்தமும் ஃபைனான்ஸ்காரருக்குப் போகும். மூணு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் தனியாக வாங்கினால் 15 மணி உழவுக்காக ஒரு வண்டியைத் தூக்கிச் சுமக்கிற கதை. அவருக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரே போதும். உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

அப்படியானால் நாங்கள் ஏன் வாங்கினோம்? பதத்துக்காகத்தான். மழை பெய்து மூணாவது நாள் உழவேண்டிய நிலத்தை, வாடகை வண்டி பத்தாவது நாள் வந்து கட்டி கட்டியாகப் புரட்டும். அல்லது மறுநாளே ஈரத்தில் இறங்கி மண்ணை மிதிக்கும். அதுவும் பெரிய வண்டி, ரோட்டவேட்டரோடு. எங்கள் மண்ணில் எந்த நாள், எந்தக் கலப்பை, எத்தனை கிலோ இறங்கணும் என்பதை நாங்கள் தீர்மானிக்க வேண்டும் என்பதற்காகவே ஆறு குடும்பம் சேர்ந்து, கடன் இல்லாமல், 40 ஹெச்.பி.க்கு உட்பட்ட பழைய டிராக்டர் ஒன்று வாங்கினோம். நோட்டுப் புத்தகத்தில் யார் எத்தனை மணி ஓட்டினார் என்று எழுதுகிறோம். மணிக்கு இவ்வளவு என்று பொதுப் பணத்தில் போடுகிறோம். சென்னைக்குக் காய்கறி இன்றும் வாடகை பிக்கப்பில்தான் போகிறது.

வாங்க நினைப்பவர்கள் உழவு முடிந்து வண்டிகள் சும்மா நிற்கும் மாசத்தில் தேடுங்கள். ஆடி பிறந்தபின் தேடினால் விற்பவர் சொல்வதுதான் விலை. கூட்டாளிகளை முதலில் சேருங்கள், பணத்தை அடுத்ததாகச் சேருங்கள், வண்டியைக் கடைசியாகப் பாருங்கள்.