துப்பாக்கிக்கும் அனுமதி உண்டு!

குட்டீஸ், சரணாலயம் என்றால் என்ன? "அங்கே யாரும் விலங்குகளைச் சுடக் கூடாது" என்று டக்கென்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் விலங்குகளைக் காப்பாற்றுவதற்காக ஏற்படுத்தப்பட்ட ஓர் இடத்தில், பணம் கட்டினால் வேட்டையாடவும் விடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? நேபாளத்தில் இருக்கும் டோர்பாட்டன் அப்படிப்பட்ட இடம்தான். அந்த நாட்டின் ஒரே வேட்டைக் காப்பகம் இது!

ஏன் இப்படி? சொல்கிறேன். அதற்கு முன் ஒரு நடை போய் வருவோம்.

நேபாளத்தின் மேற்குப் பக்கம், தவளகிரி மலைத்தொடரின் சரிவுகளில் 1,325 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது இந்தக் காப்பகம். பேனி என்ற ஊரிலிருந்து பல நாள் நடந்து, 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஜல்ஜலா கணவாயைத் தாண்டிப் போவது பழைய வழி. இப்போது ஜீப் போகும் மண் பாதையும் வந்துவிட்டது. ஆனாலும் விலங்குகளைப் பார்க்க வேண்டுமென்றால் காலால்தான் ஏற வேண்டும்! மெதுவாக ஏறுங்கள். உயரம் கூடக் கூடக் காற்றில் பிராணவாயு குறையும். தலை வலித்தால் மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

கீழே உத்தர கங்கை ஆறு ஓடும் அகன்ற புல்வெளி. திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் குடியிருப்பு ஒன்றும் அங்கே உண்டு. கோடையில் மேய்ப்பர்கள் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே வருவார்கள். மூங்கில் புதர்களில் சிவப்புப் பாண்டா இருக்கும். அது லேசில் கண்ணில் படாது! பளபளவென்று பல வண்ணங்களில் மின்னும் டாஃபே பறவை பறந்தால் தப்பாமல் பார்த்துவிடலாம். அதுதான் நேபாளத்தின் தேசியப் பறவை.

நாம் முக்கியமாகத் தேடி வந்தது 'நாவுர்'. ஆங்கிலத்தில் இதை 'நீலச் செம்மறி' என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இது நீலமும் இல்லை, செம்மறியும் இல்லை! சாம்பல் நிறம், வெள்ளாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஆபத்து என்றால் பாறைச் சரிவுக்கு ஓடி அசையாமல் நின்றுவிடும். பாறை எது, ஆடு எது என்றே தெரியாது. பைனாகுலரை வைத்துக்கொண்டு ஒரே சரிவைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று ஒரு 'கல்' தலையைத் திருப்பும்!

இதே மலைகளில் இமாலய வரையாடும் உண்டு. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2005-இல் மரபணுவைச் சோதித்தபோது, நம்முடையது செம்மறி ஆட்டுக்கே நெருக்கம் என்று தெரிந்தது.

நாவுர் இருந்தால் பனிச்சிறுத்தையும் இருக்கும். நாவுர்தான் அதன் முக்கியமான சாப்பாடு. 1973-இல் ஜார்ஜ் ஷாலர் என்ற விலங்கியல் அறிஞர் நாவுரை ஆராய இந்த வழியாகத்தான் வடக்கே நடந்து போனார். கூடவே போன எழுத்தாளர் பீட்டர் மாத்தீசன், பனிச்சிறுத்தையைக் கண்ணால் பார்க்காமலே திரும்பினார். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'பனிச்சிறுத்தை'!

சரி, வேட்டைக்கு வருவோம். பனிச்சிறுத்தை, சிவப்புப் பாண்டா, கஸ்தூரி மான் இவற்றையெல்லாம் தொடவே கூடாது. நாவுர், இமாலய வரையாடு போன்ற சிலவற்றுக்குத்தான் அனுமதி. அதிலும் வயதான கிடாவைத்தான் சுடலாம். காப்பகத்தை ஏழு பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எத்தனை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மலைமுகடுகளில் உட்கார்ந்து ஆடுகளை எண்ணிய பிறகுதான் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். உரிமத்தை ஏலம் விடுகிறார்கள். ஓர் ஆட்டுக்கே லட்சக்கணக்கில் பணம் கட்டிவிட்டு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

"சில கிழட்டுக் கிடாக்கள் போனாலும், மலைக்கு ஒரு மதிப்பு வருகிறது, காவல் போட முடிகிறது, திருட்டு வேட்டை குறைகிறது" என்கிறார்கள் ஒரு சாரார். "பணம் அரசு கஜானாவுக்குப் போகிறது, மலையில் இருக்கிற எங்களுக்கு என்ன கிடைத்தது?" என்பது ஊர்க்காரர்களின் கேள்வி. எண்ணியதில் தப்பு வந்தால் என்ன ஆகும் என்ற பயமும் உண்டு. பாறையோடு பாறையாக நிற்கும் ஆட்டை எண்ணுவது லேசான வேலையா? நாவுர் குறைந்தால் பனிச்சிறுத்தையின் வயிறும் காயுமே! எனக்கென்னவோ, துப்பாக்கியை விட பைனாகுலரோடு வருபவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

உங்கள் வகுப்பில் இதை வைத்து ஒரு பட்டிமன்றம் நடத்திப் பாருங்களேன். நாவுர் பக்கம் பேச ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்!