63 நோயாளிகளின் கேஸ் ஷீட்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்துவிட்டு வாய், முக அறுவை சிகிச்சை ரெசிடென்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: ஆராய்ச்சி கட்டாயமா, எத்தனை கட்டுரை வந்திருக்க வேண்டும்?

விண்ணப்பத்தில் எதற்கு எவ்வளவு கனம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். முன்பெல்லாம் பல் மருத்துவ தேசியத் தேர்வின் முதல் பகுதிக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். 2012 முதல் தேர்ச்சியா இல்லையா என்பதை மட்டும் சொன்னார்கள். விண்ணப்பித்தவர்களைத் தரம் பிரிக்க வேறு அளவுகோல் தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு வந்தது சி.பி.எஸ்.இ. என்ற தேர்வு. நம் ஊர்ப் பள்ளி வாரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், மருந்தியல் என்று மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தொடக்க ஆண்டுகளில் படிப்பதை 200 கேள்விகளில் சோதிக்கும் தேர்வு அது. அதன் மதிப்பெண், கல்லூரியில் உங்கள் நிலை, ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சில வாரம் ரெசிடென்ட்களோடு ஓடியாடும் எக்ஸ்டர்ன்ஷிப், அங்கே உங்களைப் பார்த்தவர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதம் ஆகியவைதான் முதல் வரிசை. இவை பலவீனமாக இருந்தால் பத்துக் கட்டுரை இருந்தாலும் கைகொடுப்பது கடினம்.

அப்படியானால் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். இந்தத் துறையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பிஸ்பாஸ்பொனேட் என்று ஒரு மருந்து வகை. எலும்பு கரைவதைத் தடுப்பது அதன் வேலை. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கும், மல்டிபிள் மைலோமா உள்ளவர்களுக்கும் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையாகவும் தருவார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் சில தாடை அறுவை சிகிச்சைப் பிரிவுகளுக்கு விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பல் பிடுங்கிய குழி மாதக்கணக்கில் ஆறவில்லை. ஈறு விலகி, தாடை எலும்பு வெளியே தெரிந்தது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு இப்படி வருவது தெரிந்த சங்கதி. இவர்களோ அப்படி எதுவும் வாங்காதவர்கள்; இவர்கள் வாங்கியிருந்தது இந்த பிஸ்பாஸ்பொனேட்டைத்தான்.

மயாமியில் இருந்த தாடை அறுவை சிகிச்சை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ் 2003-இல் துறையின் முதன்மை இதழில் இப்படிப்பட்ட 36 பேரைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே சால்வடோர் ருஜியேரோவும் அவர் குழுவினரும் 63 நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை அலசிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் 56 பேர் அந்த மருந்தை நரம்பு வழியாக ஓராண்டுக்குக் குறையாமல் வாங்கியவர்கள். மீதி 7 பேர் நெடுநாள் மாத்திரை சாப்பிட்டவர்கள். புதிய கருவியோ பெரிய ஆய்வகமோ இதற்குத் தேவைப்படவில்லை. ‘இந்தக் குழி ஏன் ஆறவில்லை’ என்று ஒருவர் நின்று கேட்டார், பழைய ஏடுகளைப் புரட்டினார், எண்ணினார். இன்று இந்த மருந்தை ஏற்றத் தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள் அல்லவா, அந்தப் பழக்கம் இப்படிப்பட்ட உழைப்பிலிருந்து வந்தது. எத்தனை பேருடைய தாடை இதனால் தப்பியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இந்தத் துறையின் மீது பெரிய மரியாதை வருகிறது.

மாணவர் செய்யக்கூடிய ஆராய்ச்சியும் பெரும்பாலும் இதே வகைதான். தாடை எலும்பு முறிந்து வந்தவர்களில், முறிவுக் கோட்டிலேயே ஞானப்பல் இருந்தால் அதை எடுத்தவர்களுக்குச் சீழ் அதிகமா, விட்டவர்களுக்கா? இப்படி ஒரு சின்னக் கேள்வி போதும். வழிகாட்ட ஒரு பேராசிரியர் வேண்டும். ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்கே மாதங்கள் ஓடிவிடலாம். பிறகு நோயாளியின் பெயரும் அடையாளமும் நீக்கி, ஒவ்வொரு கேஸாக எக்செலில் ஏற்ற வேண்டும். அலுப்பான வேலைதான். பாதி ஏடுகளில் தேவையான குறிப்பே இருக்காது. ஏடு சரியாக எழுதப்படாவிட்டால் பின்னால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் உறைக்கும். வருங்காலத்தில் இரவு இரண்டு மணிக்கு கேஸ் ஷீட் எழுதப்போகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ரெசிடென்சி நேர்காணலில் கேட்பதும் நீங்கள் செய்த இந்த ஆராய்ச்சியைப் பற்றித்தான். ஏன் இந்தக் கேள்வியை எடுத்தாய், கணக்கை யார் போட்டது, உன் முடிவில் எங்கே ஓட்டை இருக்கிறது? ஆறு கட்டுரையில் நடுவில் எங்கோ பெயர் சேர்த்துக்கொண்டவர் இங்கே திணறுவார். மாநாட்டில் ஒரே ஆய்வுப் போஸ்டர் வைத்தவர், அது முழுக்க அவர் செய்ததாக இருந்தால், சரளமாகப் பேசுவார். என்னைக் கேட்டால் அந்த ஒரு போஸ்டருக்கே என் ஓட்டு. இடத்துக்கு இடம் எதிர்பார்ப்பும் மாறும்: இந்த ரெசிடென்சியில் நான்கு ஆண்டுப் பயிற்சியும் உண்டு, எம்.டி. பட்டமும் சேர்ந்த ஆறு ஆண்டுப் பயிற்சியும் உண்டு. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை போன்ற பல்கலைக்கழகம் சார்ந்த ஆறு ஆண்டு இடங்களில், பின்னாளில் கற்பிக்கவும் ஆராயவும் நாட்டமுள்ளவரா என்று கூடுதலாகவே பார்ப்பார்கள்.

காலத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுப் பல் மருத்துவப் படிப்பில் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையிலேயே விண்ணப்பம் போய்விடும். முதல் கோடை விடுமுறையில் தொடங்கினால்தான் கையில் ஏதாவது இருக்கும். சி.பி.எஸ்.இ.க்குப் படிக்கும் மாதங்களில் ஆராய்ச்சியைத் தள்ளி வைத்துவிடுங்கள், அந்தத் தேர்வு உங்களுக்காகக் காத்திருக்காது.

இந்தியாவில் பி.டி.எஸ். முடித்து அங்கே போகிறவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. உங்கள் கல்லூரியை அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு துறையில் ஆராய்ச்சி உதவியாளராக ஓராண்டு இருந்தால், உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவர் கடிதம் எழுதுவார். கட்டுரையைவிட அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் எந்தெந்தப் பயிற்சி இடங்கள் வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்கின்றன, எந்த மாநிலம் உரிமம் தரும் என்பதை விசாரித்துவிட்டே விமானம் ஏறுங்கள்.

பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு பிரபலம் என்று பார்க்காதீர்கள். அவரிடம் இதற்கு முன் வேலை செய்த மாணவரைத் தேடிப்பிடித்து, ‘தொடங்கிய வேலை முடிந்ததா, உங்கள் பெயர் எந்த இடத்தில் வந்தது, அனுப்பிய வரைவை எத்தனை நாளில் திருத்தித் தந்தார்’ என்று கேளுங்கள்.