கிரீன் டீ குடிச்சா வெயிட் குறையுமா? கப்புக்கும் கேப்ஸ்யூலுக்கும் என்ன வித்தியாசம்?

காலை எட்டரை மணிக்கு பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில் டூவீலர்களும் கம்பெனி வேன்களும் நெருக்கியடிக்கும். அந்த அவசரத்தில் பலருக்கு டிபன் சாப்பிட நேரம் இருக்காது. வெறும் வயிற்றில் ஒரு கப் கிரீன் டீயோடு கிளம்பிவிடுவார்கள். ஆபீஸ் பேன்ட்ரியிலும் காபி மெஷினுக்குப் பக்கத்திலேயே கிரீன் டீ பேக் இருக்கிறது. போதாததற்கு, ‘கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்’ கேப்ஸ்யூல்களை ஆன்லைனில் ஆர்டர் பண்ணினால் இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

‘இலைதானே, என்ன ஆகிடப் போகுது?’ என்பதுதான் பொதுவான நினைப்பு. கப்பில் குடிக்கும் டீக்கு அது பெரும்பாலும் சரி. கேப்ஸ்யூலுக்கு அது பொருந்தாது.

கிரீன் டீ தனிச் செடியா?

இல்லை. டீக்கடை டீயும் கிரீன் டீயும் ஒரே செடியிலிருந்து வருபவைதான். குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் பறிக்கும் அதே கொழுந்தை நசுக்கிக் காற்றுபட விட்டால் அது கருத்து, பிளாக் டீ ஆகிறது. பறித்ததும் ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டி, கருப்பது நிறுத்தப்பட்டால் கிரீன் டீ. இதனால் இலையில் உள்ள ‘கேட்டசின்’ என்ற வேதிப்பொருட்கள் அதிகம் மிஞ்சுகின்றன. அதில் முக்கியமானது ‘இஜிசிஜி’. கிரீன் டீயின் நன்மை, ஆபத்து இரண்டைப் பற்றிய பேச்சிலும் இந்தப் பெயர்தான் அடிபடுகிறது.

நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 1994இல் தொடங்கிய ஓசாகி ஆய்வு, 40 முதல் 79 வயது வரையிலான 40,530 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2006இல் வெளியான முடிவின்படி, ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட தினமும் ஐந்து கப் அல்லது அதற்கு மேல் குடித்தவர்களிடம் இதய, ரத்தநாள நோய்களால் ஏற்படும் மரணம் குறைவு. பெண்களில் 31 சதவீதம், ஆண்களில் 22 சதவீதம். ஆனால், புற்றுநோய் மரணத்தில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது மக்களின் பழக்கத்தைக் கவனித்துச் சொன்ன ஆய்வு. அதிகம் கிரீன் டீ குடிப்பவர்கள் சாப்பாட்டிலும் நடையிலும் வேறு மாதிரி இருந்திருக்கலாம். எனவே ‘டீதான் காத்தது’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, எடை குறையுமா?

பலரும் கிரீன் டீக்கு மாறுவதே இதற்காகத்தான். ஆனால் பதில் கொஞ்சம் ஏமாற்றம் தரும். பல ஆய்வுகளைத் தொகுத்து அலசிய காக்ரேன் அமைப்பின் 2012 அறிக்கை, கிரீன் டீ தயாரிப்புகளால் ஏற்படும் எடைக்குறைவு மிகச் சிறியது, உடல்நலத்தில் மாற்றம் தரும் அளவுக்கு இல்லை என்றது. ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளில் சராசரி வித்தியாசம் 0.04 கிலோ, அதாவது 40 கிராம்.

அப்படியென்றால் ‘எனக்கு குறைஞ்சுதே’ என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. டீக்கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே சுமார் 40 கலோரி. மூன்று டீக்கு 120 கலோரி. பால் கணக்கு தனி, கூடச் சாப்பிடும் வடை, பிஸ்கட் கணக்கும் தனி. அதற்குப் பதிலாகச் சர்க்கரை இல்லாத கிரீன் டீ குடித்தால் அந்தக் கலோரி மிச்சம். இதையே சர்க்கரை இல்லாத கடுங்காபியும் செய்யும், வெறும் தண்ணீரும் செய்யும். கிரீன் டீயில் இரண்டு ஸ்பூன் தேன் கலந்தால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

கேப்ஸ்யூலில் என்ன பிரச்சினை?

எடை குறைக்க விற்கப்பட்ட ‘எக்ஸோலிஸ்’ என்ற கிரீன் டீ சாறு மாத்திரை, கல்லீரல் பாதிப்புப் புகார்களால் 2003இல் பிரான்ஸ், ஸ்பெயின் சந்தைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு வேறு நாடுகளிலும் இதுபோன்ற பாதிப்புகள் பதிவாயின.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை ஆராய்ந்தது. வழக்கமாகக் குடிக்கும் கிரீன் டீ மூலம் ஒருவருக்குத் தினமும் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் இஜிசிஜி கிடைக்கிறது. அது பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் மாத்திரை வடிவில் தினமும் 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் போனால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்கள் ரத்தத்தில் உயர்கின்றன என்று அது கூறியது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம், ஒரு நாளைக்கான அளவு 800 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி போட்டது. வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கவும் உத்தரவிட்டது.

ஏன் வெறும் வயிறு ஆபத்து? சாப்பாடு இல்லாதபோது இஜிசிஜி ரத்தத்தில் பல மடங்கு அதிகமாகச் சேர்கிறது. டயட் என்று சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மாத்திரை போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சிலருக்கு மரபணுக் காரணமும் உண்டு. ‘எச்எல்ஏ-பி*35:01’ என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்தப் பாதிப்புக்கான வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த வகை நமக்கு இருக்கிறதா என்பது சாதாரண பிளட் டெஸ்டில் தெரியாது. ஆகவே ‘என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணும் ஆகலையே’ என்பது உத்தரவாதம் ஆகாது.

பெண்கள் ஏன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. டீயில் உள்ள டானின் போன்ற பொருட்கள் கீரை, பருப்பு, கேழ்வரகிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். அதனால்தான் ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்றது. லஞ்ச் முடிந்த கையோடு ‘டைஜஷனுக்கு’ என்று கிரீன் டீ குடிப்பது, டப்பாவில் கொண்டுவந்த முருங்கைக்கீரைப் பொரியலின் பலனைக் குறைப்பதுதான். இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடு விழுங்கக் கூடாது.

மருந்து சாப்பிடுபவர்கள்?

2014இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் பத்துப் பேருக்கு 14 நாட்கள் தினமும் 700 மில்லி கிரீன் டீ கொடுத்துப் பார்த்தார்கள். ‘நாடலால்’ என்ற ரத்த அழுத்த மருந்து ரத்தத்தில் சேரும் அளவு 85 சதவீதம் சரிந்தது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும் அதிக அளவில் கிரீன் டீ குடித்தால் மருந்தின் வேலை குறையலாம். தினசரி மாத்திரை இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எப்படிக் குடிக்கலாம்?

* நாளுக்கு இரண்டு, மூன்று கப் பெரும்பாலானோருக்குப் பிரச்சினை இல்லை.
* காபி, டீ, எனர்ஜி டிரிங்க் எல்லாம் சேர்த்து காஃபின் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐசிஎம்ஆர் வழிகாட்டி. ஒரு கப் கிரீன் டீயில் சுமார் 30 மில்லிகிராம் இருக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போகும் முன் வேண்டாம்.
* கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். 70-80 டிகிரி தண்ணீரில் இரண்டு, மூன்று நிமிடம் போதும், கசப்பும் குறையும். 65 டிகிரிக்கு மேல் சூடாக எந்தப் பானத்தையும் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் எச்சரித்தது. ஆறவைத்துக் குடியுங்கள்.
* வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டல், எரிச்சல் வருகிறதா? இரண்டு இட்லிக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

கேப்ஸ்யூல் எடுப்பவர்களுக்குக் கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, அரிப்பு, பசியின்மை, காரணம் தெரியாத அசதி ஏதாவது தெரிந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ‘வேற எந்த மாத்திரையும் சாப்பிடல, ஹெர்பல்தான்’ என்று சொல்லாமல் விட்டால், மஞ்சள் காமாலைக்கு டாக்டர் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.