எரிபரந்தெடுத்தலும் ஆளில்லா விமானமும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்த ஒருவரிடம், தொழிற்சாலையில் எது பழுதுபட்டால் தோட்டமே நின்றுபோகும் என்று வினவினால், அவர் கிடங்கைச் சுட்டமாட்டார். அடுக்கி வைத்த தேயிலை எரிந்துபோனால் அஃது அன்றைய நட்டம். மறுநாள் கொழுந்து வரும், புதுத் தேயிலை உண்டாகும். உலர்த்தும் அடுப்பு நின்றுவிட்டாலோ நிலைமை வேறு. சரிவெங்கும் பறித்த கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளித்தபின் மேலே செல்ல வழியின்றிக் கெட்டுவிடும். கொழுந்து எவருக்காகவும் காத்திராது.

சேமித்த பொருளை எரிப்பதற்கும், பொருள் கடந்துசெல்லும் குறுகிய வாயிலை அடைப்பதற்கும் உள்ள இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், இன்றைய போர்களில் ஆளில்லா விமானங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எண்ணெய் ஆலைகளைத் தேடிச் செல்வதன் காரணம் விளங்கும்.

பகைவனுடைய வளத்தை எரிப்பது பழைய முறையே. தொல்காப்பியம் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக எரிபரந்தெடுத்தலைக் கூறுகிறது. அன்று எரிந்தவை ஊரும் விளைநிலமும். நிலக்கரியும் எண்ணெயும் படைகளை இயக்கத் தொடங்கியபின் இலக்கு மாறிற்று.

அம்மாற்றத்தைத் தமிழகம் கண்ணாரக் கண்ட நாள் 22-9-1914. அன்றிரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரையை அணுகிற்று. நகர விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள்மீது சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு, அக்கப்பல் இருளில் மறைந்தது. எரிந்த எண்ணெயால் பிரிட்டிஷ் பேரரசு தளர்ந்துவிடவில்லை. கப்பல் தலைவர் கார்ல் வான் முல்லரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலேயரின் வாணிகத்தைக் குலைப்பதும், அவர்கள் மதிப்பைக் குறைப்பதுமே தம் நோக்கம் என்று அவர் பின்னர் எழுதினார். மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். கப்பல் காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது. அக்டோபர் 28-இல் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்து ரஷ்யக் கப்பலொன்றை மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் அது அழிந்தது. கப்பல் போயிற்று, பெயர் நின்றது. எம்டன் என்றால் எத்தன் என்ற பொருள் இன்றும் தமிழ்ப் பேச்சில் உண்டு.

சிறு கருவி பெருஞ்செலவை விளைவிக்கும் என்பதற்கு இலங்கையும் ஒரு சான்று. 29-4-2007 அன்று விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கொழும்பை அடுத்த கொலன்னாவை எண்ணெய்க் கிடங்கையும் முத்துராஜவெல எரிவாயு நிலையத்தையும் தாக்கின. சேதம் பெரிதன்று. ஆயினும் நகரம் இருளில் மூழ்கியது. அயல்நாட்டு விமான நிறுவனங்கள் சில தம் சேவையை நிறுத்தின.

மேற்கூறிய இரண்டிலும் குறி கிடங்கே. உக்ரேன் 2024 முதல் ரஷ்யச் சுத்திகரிப்பு ஆலைகள்மீது தொடுத்துவரும் தாக்குதலில் குறி நுணுக்கமடைந்துள்ளது. அங்கு முதன்மையான இலக்குகளுள் ஒன்று, கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரம். ஆலைக்குள் வரும் எண்ணெய் முழுவதும் முதலில் அதனைக் கடந்தே ஆகவேண்டும். தொட்டியை விரைவில் கட்டிவிடலாம். கோபுரத்தையும் அதன் கருவிகளையும் செய்விக்க நெடுநாள் ஆகும். பொருளாதாரத் தடைக்கு உட்பட்ட நாட்டுக்கு அவற்றை வெளியிலிருந்து பெறுவதும் அரிது. தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பு இதுவே. 1-3-2024 முதல் ஆறு மாதங்களுக்குப் பெட்ரோல் ஏற்றுமதியை ரஷ்யா தடைசெய்தது. உள்நாட்டுத் தேவையை அது காட்டினாலும், ஆலைகள் பட்ட அடி அதில் பங்கு வகித்தது எனலாம்.

செலவுக் கணக்கும் தாக்குபவனுக்கே துணை. சில பத்தாயிரம் டாலர் பெறும் ஆளில்லா விமானத்தை வீழ்த்தப் பல இலட்சம் டாலர் ஏவுகணையைச் செலவிட நேர்கிறது. பரந்த நாட்டில் ஆலைதோறும் காவல் வைப்பதானால், போர்முனைக்குரிய கருவிகளைப் பின்னே இழுக்கவேண்டும். எதிரி விரும்புவதும் அதுவே.

இம்முறை தவறாது வெற்றி தரும் என்று கொள்வதற்கில்லை. 14-9-2019 அன்று சவூதி அரேபியாவின் அப்கைக் ஆலை தாக்கப்பட்டபோது அந்நாட்டு எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி நின்றது. சில வாரங்களில் அது மீண்டது. ஓர் அடி போதாது, செப்பனிடும் வேகத்தைவிட அடிக்கும் வேகம் மிகவேண்டும். மக்கள் நிலை அதனினும் பெரிய வினா. 2022 அக்டோபர் முதல் ரஷ்யா உக்ரேனின் மின்நிலையங்களையும் மின்மாற்றிகளையும் தாக்கியதில், கடுங்குளிரில் வீடுகள் வெப்பமும் நீரும் இழந்தன. படைக்கு எரிபொருள் காய்ச்சும் ஆலையும், நோயாளியின் படுக்கைக்கு மின்சாரம் தரும் நிலையமும் போர்நெறியில் ஒன்றல்ல. 2024 மார்ச்சில் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம், மின்கட்டமைப்பைத் தாக்கியது தொடர்பாக ரஷ்யத் தளபதிகள் இருவருக்குப் பிடியாணை பிறப்பித்தது.

கேமரன் மலையிலும் மின்னாக்கம் உண்டு. ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை தேக்கும் நீர், சுரங்கவழியே இறங்கி ஜோர் மின்நிலையத்தைச் சேர்கிறது. 1960-களில் அமைந்த அந்நிலையம் நிலத்தடியில், பாறையைக் குடைந்து கட்டப்பட்டது. வானிலிருந்து நோக்குவோர்க்கு அதன் இயந்திரங்கள் புலப்படா. அணையும், மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பிகளும் மட்டும் திறந்த வெளியில் இருக்கின்றன.