ஈரக் குளிர்காலமும் கோல்ஃப் மைதானமும்

பிரிட்டனின் கோல்ஃப் மைதானங்கள் கோடையில் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெய்யும் மழையே முடிவு செய்கிறது. அந்த மாதங்களில் பகல் குறுகியது, வெயிலுக்குச் சூடில்லை, புல்லின் வளர்ச்சியும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் நீர்கூட ஆவியாகாது. ஆகவே பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி வடிந்தால்தான் உண்டு. அந்த வழி அடைபட்டால் மைதானம் வாரக்கணக்கில் நீரில் நிற்கும். 2013-14 குளிர்காலத்தில் பல மைதானங்களுக்கு இதுதான் நேர்ந்தது. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை இங்கிலாந்தில் பெய்த மழையோ, 1836இல் தொடங்கும் பதிவுகளில் வேறெந்த 18 மாத மழையையும்விட அதிகம்.

எல்லா மைதானங்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற கடலோர ‘லிங்க்ஸ்’ மைதானங்கள் மணல் நிலத்தில் அமைந்தவை. பெருமழை பெய்த மறுநாளே அங்கு ஆட முடியும். லண்டனுக்குத் தென்மேற்கே சன்னிங்டேல் போன்ற புதர்க்காட்டு மைதானங்களும் மணற்பாங்கானவையே. களிமண் நிலத்தில், மரங்களுக்கு நடுவே அமைந்த உள்நாட்டு மைதானங்களுக்குத்தான் ஈரக் குளிர்காலம் பெரும் சோதனை.

18 குழிகள் கொண்ட மைதானம் பொதுவாக 40 முதல் 60 ஹெக்டேர் வரை பரந்திருக்கும். அதில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்படும் ‘கிரீன்’ பரப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் சுமார் 1 ஹெக்டேர்தான். ஆனால் கிரீன்கீப்பர் எனப்படும் பராமரிப்பாளரின் உழைப்பில் பெரும்பங்கு அந்தச் சிறு பரப்புக்கே போகிறது. பந்தை அடித்துச் செல்லும் நீண்ட புல்வெளியான ‘ஃபேர்வே’, மணல் நிரம்பிய ‘பங்கர்’, ஆட்டம் தொடங்கும் ‘டீ’ மேடை ஆகியவை அடுத்த இடங்களைப் பெறுகின்றன.

மண்ணுக்குள் நடப்பது

நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். அதில் பெரிய துளைகளில் காற்றும் சிறிய துளைகளில் நீரும் இருக்கும். தொடர்மழையில் பெரிய துளைகளிலும் நீர் நிரம்பிவிடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். வேர்கள் மூச்சு முட்டி, நுனியிலிருந்து அழுகிக் குட்டையாகின்றன. காற்றில்லாத மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்க, மண்ணுக்குள் கரும்படலம் உருவாகிறது. கிரீனில் குழி தோண்டி எடுத்த மண் அழுகிய முட்டை போல நாறினால், அங்கு காற்று போய் நாளாகிவிட்டது என்று பொருள்.

இதைவிடப் பெரிய கேடு மிதிபடுவதால் வருகிறது. நெல் வயலில் நீரைத் தேக்கிச் சேற்றுழவு செய்வது, மண்ணின் துளைகளை அடைத்து நீர் கீழே இறங்காமல் நிறுத்துவதற்காக. ஈரமான ஃபேர்வேயில் ஓடும் புல்வெட்டு இயந்திரமும், ஆட்டக்காரர்களின் வண்டிகளும், ஒரே தடத்தில் நடக்கும் கால்களும் அதே வேலையை வேண்டாத இடத்தில் செய்துவிடுகின்றன. துளைகள் நசுங்கிய மண்ணில் அடுத்த மழை இறங்காது, நீர் தேங்கும், மறுபடி மிதிபட்டால் இன்னும் இறுகும்.

தண்ணீர் முதலில் போக வேண்டும்

வசந்தகாலப் பராமரிப்பு வடிகாலில் தொடங்குகிறது. புல்லும் உரமும் பிறகுதான். ஓடைகளில் சேர்ந்த இலைக்குப்பையும் வண்டலும் அள்ளப்படும். நிலத்தடிக் குழாய்கள் ஓடையில் வந்து சேரும் வாய்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்கப்படும். நீர் தேங்குவது பழுதான குழாயாலா, அடைபட்ட வாயாலா, இறுகிய மேல்மண்ணாலா என்று தெரியாமல் எந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தாலும் பணம்தான் வீண். கிரீன்களில் தேங்கிய நீர் ரப்பர் துடைப்பான்களால் தள்ளப்படுகிறது அல்லது பம்புகளால் இறைக்கப்படுகிறது.

ஆறு பெருகி மைதானத்துக்குள் புகுந்திருந்தால், வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டல்தான் அவசர வேலை. அது காய்ந்து ஓடானால் மேற்பரப்பை மூடிவிடும். ஈரமாக இருக்கும்போதே வழித்துக் கழுவ வேண்டும். குளிர்ந்த நீரில் மூழ்கிய புல், கோடை வெள்ளத்தில் மூழ்கிய புல்லைவிட அதிக நாள் உயிரோடு தாங்கும் என்பது இங்கே கைகொடுக்கும் உண்மை.

நீர் வடியும்வரை நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது அடுத்த படி. காலையில் தலைமைப் பராமரிப்பாளர் சுற்றிவந்து பார்த்து, முழுவதும் மூடுவதா, சில குழிகளை மட்டும் திறப்பதா என்று முடிவு செய்கிறார். பேட்டரி வண்டிகளும் தள்ளுவண்டிகளும் தடை செய்யப்படும். நடைத்தடங்கள் கயிறு கட்டித் திருப்பிவிடப்படும். நல்ல கிரீன்களைக் காக்க, ஃபேர்வேயில் தற்காலிகக் குழிகள் வெட்டப்படும். மைதானத்தை நடத்தும் சில கோல்ஃப் மன்றங்கள், ஒவ்வொருவரும் சிறு செயற்கைப் புல்விரிப்பை எடுத்துச் சென்று பந்தை அதன்மேல் வைத்து அடிக்கச் சொல்கின்றன. ஆட்டவிதிகளும் இடம் தருகின்றன. தற்காலிக நீரில் கிடக்கும் பந்தை அபராதமின்றி நகர்த்தலாம் என்பது 16.1ஆம் விதி. சேறு படிந்த பந்தை எடுத்துத் துடைத்து வைக்கவும் மன்றங்கள் உள்ளூர் விதி கொண்டுவரலாம்.

பதம் பார்த்துக் காற்றூட்டல்

மார்ச் மாதக் காற்றில் மேற்பரப்பு உலரத் தொடங்கும்போது மண்ணில் துளையிடும் வேலை வருகிறது. எப்போது தொடங்குவது என்பதே இதில் முக்கியம். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் நூலாகத் திரிந்தால் இன்னும் ஈரம் மிகுதி, உதிர்ந்தால் பதம். பதம் வருமுன் இயந்திரத்தை இறக்கினால் ஊசிகள் துளையின் சுவரை வழுவழுப்பாக மெழுகிவிடும். இயந்திரத்தின் எடையும் மண்ணை மேலும் இறுக்கும்.

துளையிடல் பல வகை. மெல்லிய திண்ம ஊசிகள் ஆட்டத்தைக் கெடுக்காமல் காற்றுக்கு வழிதரும். உள்ளீடற்ற ஊசிகள் 10 மில்லிமீட்டர் அளவு விட்டமுள்ள மண் உருளைகளைப் பிடுங்கியெடுக்கும். அழுகாத வேர்களும் தண்டுகளும் மெத்தைபோல் சேர்ந்த அடுக்கைக் குறைக்க இது உதவும். நெதர்லாந்தில் உருவான வெர்ட்டி-டிரெயின் வகை இயந்திரங்கள் 200 முதல் 300 மில்லிமீட்டர் ஆழம்வரை ஊசியைச் செலுத்தி, சற்றே நெம்பி, ஆழத்து இறுக்கத்தை உடைக்கின்றன.

துளைகளை நிரப்புவது மணல். 1864இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் பராமரிப்பாளராகப் பொறுப்பேற்ற ஓல்ட் டாம் மாரிஸ் காலத்திலேயே கிரீன்களில் மணல் தூவுவது வழக்கமாகிவிட்டது. இன்று துகளின் அளவுகூடக் கணக்கிடப்படுகிறது, 0.25 முதல் 1 மில்லிமீட்டர் வரையுள்ள துகள்கள் ஏற்றவை. ஒரே தடவையில் தடித்துக் கொட்டினால் மணலும் மண்ணும் தனி அடுக்குகளாகி, அந்த எல்லையில் நீர் நின்றுவிடும். மெல்லிய படலமாகப் பலமுறை தூவித் துடைப்பத்தால் தள்ளுவதே முறை.

புல், பூஞ்சை, புழு

மண்ணின் வெப்பம் 6 பாகை செல்சியஸைத் தாண்டும்வரை புல் வளராது. அதற்குமுன் இடும் உரம் மழையில் கரைந்து ஓடையில் சேரும். வெட்டும் உயரத்தையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும்; குளிர்காலத்தில் 5 அல்லது 6 மில்லிமீட்டரில் இருந்த கிரீனை ஒரே வாரத்தில் கோடை அளவான 3 அல்லது 4 மில்லிமீட்டருக்கு இறக்கினால், வேரிழந்த புல் தாங்காது. ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நம் கிரீன்கள் ஏன் அப்படி இல்லை என்று உறுப்பினர்கள் கேட்பதுண்டு. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அகஸ்டாவில் அப்போது வசந்தம் முற்றிவிட்டது. கிரீன்களுக்கு அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திர ஏற்பாடும் உண்டு. பிரிட்டனின் மண் அந்த மாதத்தில்தான் விழிக்கிறது.

வெறுமையான இடங்களில் விதைக்கும்போதும் இதே கணக்கு. ரைகிராஸ் எனும் புல்வகை குளிர்ந்த மண்ணிலும் விரைவில் முளைக்கும். கிரீன்களுக்கு உகந்த மென்புல் வகையான பென்ட் விதைக்கு அதைவிட வெப்பம் வேண்டும். அவசரப்பட்டால் விதை பறவைக்கும் அழுகலுக்கும் இரை.

மிதமான குளிரும் ஓயாத ஈரமும் மைக்ரோடோக்கியம் பூஞ்சைக்கு ஏற்ற சூழல். கிரீனில் செம்பழுப்பு வட்டங்களாக அது தெரியும். ஈரமான இலையுதிர் காலத்துக்குப்பின் நெட்டைக்கால் ஈயின் புழுக்கள் வேரைத் தின்கின்றன. அவற்றைத் தேடிக் காகங்களும், பேட்ஜர் எனும் விலங்குகளும் புல்லைப் பெயர்க்கின்றன. மண்புழுக்கள் மண்ணுக்கு நன்மையே செய்தாலும், அவை தள்ளும் எச்சம் மிதிபட்டுச் சேறாகிறது. இவற்றுக்கெதிரான குளோர்பைரிஃபாஸ், கார்பென்டாசிம், இப்ரோடையோன் போன்ற மருந்துகள் 2016 முதல் 2018 வரையிலான ஆண்டுகளில் பிரிட்டனின் புல்தரைகளிலிருந்து விலக்கப்பட்டன. இப்போது காலைப் பனிநீரைத் துடைத்தல், நிழல்தரும் கிளைகளை வெட்டுதல், நைட்ரஜனை அளவாக இடுதல், எச்சத்தைக் காய்ந்தபின் பெருக்குதல் ஆகிய முன்காப்புகளே பெரும் துணை.

பங்கர்களில் மழை சரிவு மணலை அடித்துச் சென்று அடிமண்ணோடு கலந்துவிடும். களிமண் கலந்த மணல் நீரை விடாது. அதை அள்ளியெடுத்து, அடிக்குழாயைச் சுத்தம் செய்து, புதுமணல் இட வேண்டும்.

நிரந்தரத் தீர்வு

இவையெல்லாம் ஓராண்டின் சேதத்தைச் சரிசெய்யும் வேலைகள். ஆண்டுதோறும் தேங்கும் களிமண் ஃபேர்வேக்கு நிலத்தடிக் குழாய்களும், அவற்றுக்குக் குறுக்கே 25 முதல் 50 மில்லிமீட்டர் அகலத்தில் நெருக்கமாக வெட்டி மணல் நிரப்பிய பிளவுகளும் தேவை. செலவு பெரிது, ஒரே ஆண்டில் எல்லாக் குழிகளையும் எடுத்துக்கொள்ள எந்த மன்றத்தாலும் எளிதில் முடியாது. ஆகவே எது முதலில் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர் எங்கே எத்தனை நாள் நின்றது என்பதைக் குளிர்காலத்திலேயே படமெடுத்து, வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும். தோண்டும் வேலையைக் கோடையில், உலர்ந்த நிலத்தில்தான் செய்ய வேண்டும். மார்ச்சில் பட்ட பாட்டை ஜூலை வெயிலில் மறந்துவிடாத மன்றமே அடுத்த மழையில் தன் மைதானத்தைத் திறந்து வைத்திருக்கும்.