சொந்த வீடு எது?

மழை ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில் காசிமேட்டிலிருந்து விதவைத் தாய் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். கையிலிருந்த தகரப் பெட்டியில் குடும்ப அட்டை, மின் கட்டண ரசீதுகள், வரி ரசீதுகள், முத்திரைத்தாளில் எழுதிய ஒரு பவர் பத்திரம் ஆகியன இருந்தன.

"இருபது வருடமாகக் குடியிருக்கிறோம், சாமி. வீடு எங்களுடையதுதானே?" என்றார்.

ஆம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. கணவர் முழுப் பணமும் கொடுத்தே வாங்கியிருந்தார். ஆனால் கிரயப் பத்திரம் பதிவாகவில்லை. பவர் எழுதித் தந்தவரும் காலமாகிவிட்டார். இப்போது அவருடைய பிள்ளைகள் வீட்டைக் கேட்கின்றனர்.

அன்புக் குடும்பத்தாரே, குடியிருப்பது வேறு, உடையவராயிருப்பது வேறு. காலவரையறையின்றி அனுபவிக்கவும், விற்கவும், அடகு வைக்கவும், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் உள்ள உரிமையே பூரண உரிமை. ஆங்கிலேயர் சட்டம் இதனை ‘ஃப்ரீஹோல்டு’ என்கிறது. குத்தகை நிலமோ, 99 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டதாயினும், காலம் முடிந்ததும் உரியவரிடமே திரும்பிவிடும்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள வீடும் மனையும் பதிவு செய்த பத்திரத்தினாலேயே விற்பனையாகும். பவர் பத்திரம் ஒருவர் சார்பில் செயலாற்றும் அனுமதி மட்டுமே. அதனால் உரிமை கைமாறாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியது. வரி ரசீது வரி கட்டியதற்கே சான்று. விலைக்கு வாங்கிய மனைக்குப் பட்டா அவசியம். ஆயினும் பட்டா மட்டும் போதாது.

1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப்படுகிறது. அது தவணை முறையில் ஒதுக்கிய வீடுகளுக்கும் இதே நியதிதான். தவணைகளை முழுதும் செலுத்திக் கிரயப் பத்திரம் பெற்ற பின்னரே அவை சொந்தமாகும்.

உரிமை உறுதியாயிருந்தால் வாரிசுகளுக்கும் அரணுண்டு. உயில் எழுதாது இறக்கும் கிறிஸ்தவரின் சொத்தில், பிள்ளைகள் இருப்பின், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது மகனுக்கும் மகளுக்கும் சமம் என்கிறது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்.

அத்தாயை ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பினோம். அன்று ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியத்திற்காக, அவர் இன்று நீதிமன்றப் படியேறுகிறார்.

வீடு மந்திரிக்க நம்மை அழைக்குமுன், உங்கள் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் கிரயப் பத்திரம் உண்டா?